கரண்ட் போனதும் மறந்துபோன சர்வர்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 2000களின் நடுவில் நான் பகுதி நேரமாக வேலை பார்த்த டிடிபி கடை இருந்தது. நாலு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு பழைய லினக்ஸ் சர்வர். ஒருநாள் காலையில் ஒரு புத்தகத்தின் ஃபைலைக் காணோம். இரவு அதை ‘முடிந்தவை’ ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டிய ஸ்கிரிப்ட், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எழுதிவிட்டு நின்றுபோயிருந்தது. கடைசியாக அதில் வேலை செய்த பையன்மேல் பழி விழுந்தது. “சத்தியமா நான் அழிக்கலண்ணே” என்றான். முதலாளி நம்பவில்லை. நானும்தான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நினைத்த வயசு.

மத்தியானம் பார்த்தால் ஃபைல் ‘முடிந்தவை’யிலேயே பத்திரமாக இருந்தது. அங்கே போய்ச் சேரவே இல்லை என்று ஸ்கிரிப்ட் சொன்னதால் யாரும் அங்கே தேடவில்லை.

இதன் வேர் 1980களில் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். என்ற முறையை உருவாக்கியபோது, சர்வர் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல காரணம்தான். சர்வர் செத்துப் பிழைத்தாலும், கேட்பவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், வேலை தொடரும். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தால் என்ன கெட்டுவிடும்? ஆனால் பெயர் மாற்றுவதும் அழிப்பதும் அப்படியில்லை. முதல் முறை வேலை நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், இரண்டாம் முறை கேட்கும்போது பழைய பெயரில் ஃபைல் இருக்காது. “இல்லை” என்று பதில் வரும். கேள்வி தொலைந்ததா, பதில் தொலைந்ததா என்று கேட்டவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டுமே வெறும் மௌனம்தான்.

1989இல் டிஜிட்டல் நிறுவனத்தின் செட் ஜஸ்ஸாக், என்.எஃப்.எஸ். சர்வரின் வேகத்தையும் சரித்தன்மையையும் மேம்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். (தலைப்பில் வேகம்தான் முதலில் வருகிறது!) அண்மையில் வந்த கேள்விகளைச் சர்வர் குறித்துவைத்துக்கொள்ளட்டும், அதே எண்ணோடு அதே கேள்வி மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் இருக்கட்டும் என்பது யோசனை. மறதியையே கொள்கையாகக் கொண்ட சர்வருக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டுப் புத்தகத்திலும் பூச்சி புகுந்தது. கேள்வியின் எண் 32 பிட்தான். அதே கம்ப்யூட்டரிலிருந்து வேறொரு புதிய கேள்வி தற்செயலாகப் பழைய எண்ணோடு வந்தால்? சர்வர் பழைய பதிலையே எடுத்துக் கொடுத்துவிடும். செய்யாத வேலையைச் செய்தாச்சு என்று சொல்லும். “இல்லை” என்ற பொய்யைவிட “ஆச்சு” என்ற பொய் ஆபத்தானது, யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். லினக்ஸில் இதை 2013இல்தான் ஜெஃப் லேட்டன் இறுக்கினார்: எண்ணோடு, கேள்வியின் முதல் 256 பைட்டுகளுக்கு ஒரு சரிபார்ப்புக் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். 1024 பதில்களுக்குமேல் நினைவு கிடையாது என்றிருந்த பழைய வரம்பையும் அப்போதே தளர்த்தினார்.

எங்கள் கடையில் நடந்தது இன்னும் எளிமையானது. நோட்டுப் புத்தகம் இருந்தது மெமரியில். சர்வர் எப்போது எழுந்தது என்று பார்த்தேன், நள்ளிரவுக்குச் சற்று முன். கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. ஃபைல் நகர்ந்தது டிஸ்க்கில் பதிந்துவிட்டது, பதில் சொல்லும் முன் சர்வர் அணைந்துவிட்டது. எழுந்ததும் அதே கேள்வி வந்தது. நோட்டு காலி. 2010இல் வெளியான என்.எஃப்.எஸ். 4.1, இந்தப் பதில்களை அணைந்தாலும் அழியாமல் வைக்க வழி தந்தது. எங்களுக்கு அது ரொம்பத் தாமதம்.

பேட்டரி மாற்றினோம். ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்த்தேன்: பழைய இடத்தில் இல்லையென்றால், கத்துவதற்கு முன் புதிய இடத்திலும் பார்.

முதலாளி பையனைக் கூப்பிட்டு, “கரண்ட் போயிருக்குடா” என்றார். அவ்வளவுதான். பையன் தலையாட்டிவிட்டு டீ வாங்கப் போனான். நான் எதுவும் சொல்லவில்லை.