உறவினர் பராமரிப்பாளர் மதிப்பீடும் முறையீடும் (இங்கிலாந்து)

உறவினர் பராமரிப்பாளர் மதிப்பீடு என்பது, பெற்றோருடன் வாழ இயலாத குழந்தையை வளர்க்க முன்வரும் பாட்டன், பாட்டி, அத்தை, மாமா, மூத்த உடன்பிறந்தோர் முதலியோரின் தகுதியை உள்ளாட்சி மன்றத்தின் குழந்தைகள் சேவைத் துறை ஆராயும் முறையாகும். இம்மதிப்பீட்டின் முடிவைப் பொறுத்துக் குழந்தை உறவினரிடம் வளரலாம். முன்பின் அறியாத வளர்ப்புக் குடும்பத்துக்கோ தத்துக் கொடுப்பதற்கோ அனுப்பப்படலாம். எனவே, மதிப்பீடு முறையாக நடைபெறவில்லை எனக் கருதும் உறவினர்கள் முறையீடு செய்வதுண்டு. இக்கட்டுரை இங்கிலாந்தின் சட்ட நடைமுறையை மட்டும் விளக்குகிறது.

பின்னணி

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 1,21,000 குழந்தைகள் உறவினர் பராமரிப்பில் வாழ்ந்தனர். 1989 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாகும். அதன் 22சி பிரிவின்படி, மன்றத்தின் பராமரிப்பிலுள்ள குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்க இயலாதபோது, வளர்ப்புப் பராமரிப்பாளராக ஒப்புதல் பெற்ற உறவினருக்கோ குழந்தையுடன் தொடர்புடையவருக்கோ முன்னுரிமை அளிக்க வேண்டும். 2013 இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், வேறு எவ்வழியும் பொருந்தாதபோதே பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இதனால் உறவினரைப் பற்றிய மதிப்பீடு வழக்கில் முக்கிய இடம் பெறுகிறது.

மதிப்பீட்டின் படிநிலைகள்

முதலில் தொடக்கநிலை மதிப்பீடு நடைபெறும். சமூகப் பணியாளர் உறவினரின் வீட்டுக்குச் சென்று வீட்டுவசதி, உடல்நலம், குற்றப் பதிவு, குழந்தையுடனான உறவு, பெற்றோரால் வரக்கூடிய தீங்கிலிருந்து குழந்தையைக் காக்கும் ஆற்றல் ஆகியவற்றை விசாரிப்பார். இது பெரும்பாலும் ஓரிரு சந்திப்புகளில் முடிந்துவிடும். முடிவு சாதகமாயின் முழு மதிப்பீடு தொடங்கும். பாதகமாயின் அத்துடன் நின்றுவிடும்.

முழு மதிப்பீடு இருவகைப்படும். ஒன்று, வளர்ப்புப் பராமரிப்பாளராக ஒப்புதல் அளிப்பதற்கானது. மற்றொன்று, சிறப்புப் பாதுகாவலர் ஆணைக்கானது. 2005 டிசம்பர் 30 முதல் நடைமுறையிலுள்ள இவ்வாணை, பெற்றோரின் சட்ட உறவை முற்றிலும் அறுக்காமல் பெற்றோர் பொறுப்பை உறவினருக்கு அளிக்கிறது. இதற்கான அறிக்கையில் இடம்பெற வேண்டியவற்றை 2005 ஆம் ஆண்டின் விதிகள் வரையறுக்கின்றன. 2016 இல் அவை திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டன.

முறையீட்டுக்குரிய குறைகள்

* சுருக்கமான சந்திப்பைக் கொண்டே மறுப்புத் தெரிவித்தல்
* பல ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வை, பின்னர் ஏற்பட்ட மாற்றத்தைக் கருதாமல் காரணம் காட்டுதல்
* அறிக்கையில் உண்மைப் பிழைகள் இருத்தல்
* அறிக்கையின் படியையோ மறுப்பின் காரணத்தையோ தராதிருத்தல்
* ஆங்கிலம் நன்கு அறியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாதிருத்தல்
* மன்றமே ஒப்படைத்த குழந்தையைக் 'குடும்பத்தின் சொந்த ஏற்பாடு' எனக் கூறி உதவித்தொகையை மறுத்தல்

இறுதியாகக் கூறப்பட்ட குறை பற்றி நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. 2007 ஆம் ஆண்டின் சதக் வழக்கில், ஏற்பாட்டில் மன்றம் முக்கியப் பங்காற்றியிருந்தால் அது தனிப்பட்ட ஏற்பாடாகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உறவினர் என்பதற்காக வளர்ப்புப் பராமரிப்பாளருக்குக் குறைந்த தொகை வழங்குவது சட்டத்துக்கு முரணானது என 2001 ஆம் ஆண்டின் மான்செசுட்டர் வழக்கிலும் 2013 ஆம் ஆண்டின் டவர் ஆம்லெட்சு வழக்கிலும் தீர்ப்பளிக்கப்பட்டது.

முறையீட்டு நடைமுறை

குழந்தைகள் சட்டத்தின் 26 ஆம் பிரிவின் கீழ், 2006 ஆம் ஆண்டின் விதிகளின்படி முறையீடு மூன்று நிலைகளைக் கொண்டது.

1. மன்றத்துக்குள் தீர்வு: 10 வேலைநாட்கள், தேவைப்படின் 20 வரை.
2. விசாரணை: 25 வேலைநாட்கள், 65 வரை நீட்டிக்கலாம். மன்றத்தைச் சாராத ஒருவரும் இதில் பங்கேற்பார்.
3. மறுஆய்வுக் குழு: கோரிக்கை கிடைத்த 30 வேலைநாட்களுக்குள் கூட வேண்டும். குழு தன் முடிவை 5 வேலைநாட்களிலும், மன்றம் தன் பதிலை அடுத்த 15 வேலைநாட்களிலும் தர வேண்டும்.

நிகழ்வு நடந்து 12 மாதத்துக்குள் முறையிடுவது பொதுவிதி. குழந்தையும் பெற்றோரும் வளர்ப்புப் பராமரிப்பாளரும் முறையிடும் உரிமை பெற்றவர்கள். ஏனைய உறவினரோ, குழந்தையின் நலனில் போதிய அக்கறை உடையவர் என மன்றம் ஏற்றுக்கொண்டால் மட்டுமே இந்நடைமுறையைப் பயன்படுத்தலாம். ஏற்காவிடில், மன்றத்தின் பொதுவான முறையீட்டு நடைமுறையை நாட வேண்டும்.

இவற்றால் நிறைவடையாதோர் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியை அணுகலாம். இது கட்டணமற்ற சேவையாகும். தவறு கண்டறியப்பட்டால், மன்னிப்புக் கோருதல், இழப்பீடு, நிலுவை உதவித்தொகை, மறுமதிப்பீடு ஆகியவற்றை அவர் பரிந்துரைக்கலாம். எனினும் சமூகப் பணியாளரின் தொழில்சார் கருத்து முறையான வழியில் எடுக்கப்பட்டிருந்தால், அதனை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. நீதிமன்றத்தில் நடைபெற்ற விடயங்களையும் அவர் விசாரிக்க இயலாது.

நீதிமன்றமும் கால வரம்பும்

குழந்தை யாரிடம் வாழ வேண்டும் என்பதை முறையீடு தீர்மானிப்பதில்லை. பராமரிப்பு வழக்கு நடைபெறுமாயின் குடும்ப நீதிமன்றமே தீர்மானிக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் முறையீட்டின் பதிலுக்காகக் காத்திருப்பது உறவினருக்குப் பாதகமாகலாம். 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி பராமரிப்பு வழக்கு பொதுவாக 26 வாரங்களுக்குள் முடிய வேண்டும். முறையீட்டின் மூன்று நிலைகளும் முழுக் காலத்தையும் எடுத்துக்கொண்டால், இடைவெளிகளைச் சேர்க்காமலே 135 வேலைநாட்கள், அதாவது 27 வாரங்கள் ஆகும். மேலும், நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பாதிக்கும் எனக் கருதினால் மன்றம் முறையீட்டை ஏற்காமல் நிறுத்தி வைக்கலாம்.

ஆகவே மதிப்பீட்டின் முடிவை எதிர்ப்போர், வழக்கு முடிவதற்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும். உறவினர் இயல்பாக வழக்கின் தரப்பினர் ஆகார்; பெரும்பாலும் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். அனுமதி வழங்கும்போது விண்ணப்பதாரருக்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பு, குழந்தையின் வாழ்க்கை குலையும் வாய்ப்பு, பெற்றோரின் விருப்பம் முதலியன கருதப்படும். சார்பற்ற சமூகப் பணியாளரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்யவும் கோரலாம். தேவை என நீதிமன்றம் கருதினால் மட்டுமே அது அனுமதிக்கப்படும். வழக்கை நீட்டிப்பதும் அவ்வாறே. ஒரு முறைக்கு 8 வாரங்கள் வரை நீட்டிக்கலாம்.

நடத்தை, தாமதம், உதவித்தொகை, தகவல் மறுப்பு ஆகியவற்றுக்கு முறையீடும், குழந்தையின் இருப்பிடத்துக்கு நீதிமன்றமும் உரிய வழிகளாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மேற்கொள்ளத் தடையில்லை.

வழிகாட்டுதல்கள்

உறவினர் பராமரிப்பு பற்றிய அரசின் சட்டபூர்வ வழிகாட்டுதல் 2011 இல் வெளியிடப்பட்டது. 2024 இல் புதிய வழிகாட்டுதல் அதன் இடத்தைப் பெற்றது. தொடக்கநிலை மதிப்பீட்டுக்கான நன்னடைமுறை வழிகாட்டி ஒன்றைக் குடும்ப உரிமைக் குழு என்னும் தொண்டு நிறுவனம் 2017 இல் வெளியிட்டது.

இவற்றையும் பார்க்க

* தத்தெடுப்பு
* வளர்ப்புப் பராமரிப்பு
* குறைகேள் அதிகாரி
* குழந்தை உரிமைகள்