மரப்பட்டை மாளிகைகளும் அவற்றைக் காத்த கைகளும்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்த அடிரோண்டாக் மலைகளில், 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி தொடங்கி, அமெரிக்கச் செல்வக் குடும்பங்கள் கோடையைக் கழிப்பதற்கென்று ஏரிக்கரைகளில் எழுப்பிய மரவீடுகள் கட்டடக்கலை வரலாற்றில் தனி இடம் பெற்றவை. பல கட்டடங்களும் பணியாட்களின் குடியிருப்பும் கொண்ட பெரிய வளாகங்களே ஆயினும், காட்டில் அடிக்கும் கூடாரத்தைக் குறிக்கும் ‘கேம்ப்’ என்ற பெயராலேயே உரிமையாளர்கள் அவற்றை அழைத்தனர். பிற்கால ஆய்வாளர்கள் அவற்றைப் ‘பெருங்கேம்ப்’ என்று வகைப்படுத்தினர். இவ்வீடுகளின் வரலாற்றை அவற்றைக் கட்டுவித்த செல்வர்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆனால் அவை நின்றதும் சரிந்ததும் மீண்டதும், ஆண்டு முழுவதும் அவற்றைப் பழுதுபார்க்க ஆட்கள் இருந்தார்களா என்பதையே பொறுத்திருந்தன.

இம்மலைப்பகுதியை நகரத்தாருக்கு அறிமுகப்படுத்தியதில் பாஸ்டன் நகரப் பாதிரியார் வில்லியம் எச். எச். மர்ரி 1869இல் வெளியிட்ட நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. காட்டுக் காற்று உடல்நலம் தரும் என்றும், படகும் வழிகாட்டியும் இருந்தால் எவரும் அங்கே கோடையைக் கழிக்கலாம் என்றும் அவர் எழுதியதைப் படித்த கூட்டம், போதிய பாதையும் விடுதியும் இல்லாத மலைகளை நோக்கித் திரண்டது. 1871இல் சரடோகாவிலிருந்து நார்த் கிரீக் வரை இருப்புப்பாதை வந்தது. அதை அமைத்த தாமஸ் டூரன்ட், யூனியன் பசிபிக் ரயில்பாதையை உருவாக்கியவர்களுள் ஒருவர். அடிரோண்டாக்கில் பரந்த நிலமும் அவர் வசம் இருந்தது. அந்நிலத்தைச் செல்வர்கள் விரும்பி வாங்கும் இடமாக மாற்றும் பொறுப்பு, ஐரோப்பாவில் படித்து வளர்ந்த அவர் மகன் வில்லியம் வெஸ்ட் டூரன்டிடம் வந்தது.

இளைய டூரன்ட் 1870களின் பிற்பகுதியில் ரேக்கெட் ஏரிக்கரையில் தொடங்கிய பைன் நாட் என்ற கேம்ப்பே இப்பாணியின் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. மரம்வெட்டிகளின் கட்டைக் குடிசையையும் சுவிட்சர்லாந்து மலைவீட்டின் அகன்ற கூரையையும் அவர் இணைத்தார். பட்டை உரிக்காத கட்டைகளால் சுவரும், உள்ளூர்க் கல்லால் கணப்பும், வளைந்த கிளைகளையே பொருத்திக் கைப்பிடிகளும் அமைந்தன. உண்ணும் கூடம், உறங்கும் அறைகள், படகுக்கூடம், பனிக்கட்டிக் கிடங்கு என்று ஒவ்வொரு பயனுக்கும் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டது. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றவை தப்பும் என்பது இதன் நன்மைகளுள் ஒன்று. வேலையைச் செய்தவர்கள் அவ்வூர்த் தச்சர்களும் வழிகாட்டிகளும் ஆவர். எந்த மரம் எங்கே கிடைக்கும், எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். வேனிற்காலத் தொடக்கத்தில் மரத்தில் சாறு ஏறும்போது பட்டை எளிதில் கழன்றுவிடும் என்பதால், பட்டையோடு நிற்க வேண்டிய கட்டைகளைப் பனிக்காலத்திலேயே வெட்டினர். உறைந்த ஏரியின்மேல் சறுக்குவண்டியில் அவற்றை இழுத்துவருவதும் அப்போதுதான் எளிது.

அழகுக்குக் காரணமான பட்டையே வீட்டின் கேட்டுக்கும் காரணமாயிற்று. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கும். அங்கே வண்டுகள் புகுந்து துளையிடும். ஆண்டின் பல மாதங்கள் சுவரோரம் குவிந்து கிடக்கும் பனி, அடித்தளக் கல்லின்மேல் கிடந்து சுவரின் எடை முழுவதையும் தாங்கும் முதல் கட்டையை முதலில் உளுக்கச் செய்யும். அக்கட்டை உளுத்த பின் மேற்பூச்சு வேலையால் பயனில்லை. கட்டடத்தின் அப்பகுதியை ஜாக்கிகளால் சிறிது சிறிதாகத் தூக்கி நிறுத்தி, கெட்ட மரத்தை அறுத்து நீக்கி, அதே பருமனுள்ள புதிய கட்டையைச் செதுக்கிப் பொருத்தி, பிறகே பழையபடி இறக்க வேண்டும். கூரையின் மரச்சில்லுகளை மாற்றுவதும், கட்டைகளுக்கிடையே உள்ள இடுக்குகளை மீண்டும் அடைப்பதும் இவ்வாறே திரும்பத் திரும்ப வரும் வேலைகள். இவற்றுக்கு ஏற்ற மாதங்கள் சிலவே. குடும்பத்தார் வந்து தங்கி மகிழும் மாதங்களும் அவையேதான்.

ஆகவே ஒவ்வொரு கேம்ப்பிலும், உரிமையாளர் கண்ணில் படாத தொலைவில், காவலர் குடும்பங்கள் வாழும் மற்றொரு வளாகம் இருந்தது. டூரன்ட் 1897இல் எழுப்பி, 1901இல் ஆல்பிரட் வாண்டர்பில்ட்டுக்கு விற்ற சாகமோரில், தச்சுப் பட்டறை, கொல்லுப் பட்டறை, தொழுவம், பணியாட்களின் வீடுகள் ஆகியவை தனிச் சிற்றூர்போல் அமைந்தன. விருந்தினர் சென்ற பின் இவர்களின் ஆண்டு முடிவதில்லை. பனிக்காலத்தில் ஏரியிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, அடுத்த கோடைக்காக மரத்தூளில் புதைத்து வைப்பார்கள். பாரத்தால் கூரை சரியாதபடி மேலே ஏறிப் பனியை வாரித் தள்ளுவார்கள்.

இக்கைகள் விலகிய இடங்களில் நடந்தது வேறு. பைன் நாட்டை 1895இல் வாங்கிய ரயில்பாதை அதிபர் காலிஸ் ஹன்டிங்டன் 1900 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். அதன்பின் குடும்பத்தார் அவ்வீட்டை நாடவில்லை. 1940களின் இறுதியில் கார்ட்லாண்ட் நகரத்துக் கல்லூரியொன்று அதை வெளிக்களக் கல்வி நிலையமாக ஏற்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது பூட்டிக் கிடந்தது.

கைவிடப்பட்ட வீடுகளுக்குப் பின்னாளில் நேர்ந்த பெரிய சோதனை, காட்டைக் காக்க எழுந்த சட்டத்திலிருந்து வந்தது. காடு அழிந்தால் ஹட்சன் ஆற்றுக்கும் ஈரி கால்வாய்க்கும் நீர்வரத்துக் குறையும் என்ற அச்சத்தால் 1885இல் மாநில அரசு வனக்காப்பகத்தை அமைத்தது. 1894ஆம் ஆண்டின் அரசமைப்பு, அந்நிலம் என்றென்றும் இயற்கைக் காடாகவே விடப்பட வேண்டும், அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்று விதித்தது. இதன்படி, தனியார் வீடு அரசு நிலமாக மாறியதும், காட்டுக்குப் பொருந்தாத கட்டடமாக எண்ணப்பட்டது. அதை இடிக்கலாம், அல்லது தானே மட்கும்படி விட்டுவிடலாம்.

சாண்டனோனி கேம்ப் இச்சிக்கலில் நெடுங்காலம் அகப்பட்டது. ஆல்பனி நகர வங்கியாளர் ராபர்ட் ப்ரைன், நியூகோம் ஏரிக்கரையில் ஏறத்தாழ 12,900 ஏக்கர் நிலத்தில், ராபர்ட் எச். ராபர்ட்சன் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு 1892-93இல் இதைக் கட்டுவித்தார். அதன் மைய வளாகத்துக்கு மட்டும் சுமார் 1,500 ஸ்புரூஸ் மரங்கள் தேவைப்பட்டன. ப்ரைனின் தந்தை ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். தனித்தனி அறைக் கட்டடங்களை ஒரே கூரையும் தாழ்வாரமும் தழுவி நிற்கும் அமைப்பில் ஜப்பானியச் சாயலை அறிஞர்கள் காண்கின்றனர். 1953இல் இதை வாங்கிய மற்றொரு குடும்பம் பழுதுபார்த்துப் பயன்படுத்தி வந்தது. 1971இல் அக்குடும்பத்துச் சிறுவன் காட்டில் காணாமற்போய், பெருந்தேடலுக்குப் பின்னும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே நிலம் கைமாறி அரசு வனமாயிற்று. அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் பெரிய கட்டடம் உருப்படியான பராமரிப்பின்றி நின்றது. 1990இல் தோன்றிய அடிரோண்டாக் கட்டடக்கலை மரபுச் சங்கமும், நியூகோம் ஊராட்சியும், அரசின் சுற்றுச்சூழல் துறையும் கைகோத்த பிறகே கோடைதோறும் சீரமைப்பு நடக்கத் தொடங்கியது. 2000இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. இன்று வாயிலிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நடந்தோ குதிரை வண்டியிலோ வருவோர், தச்சர்களும் மாணவர்களும் உளுத்த கட்டைகளை மாற்றுவதை நேரில் காணலாம்.

சாகமோரின் மீட்பு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. வாண்டர்பில்ட்டின் மனைவி மார்கரெட் எமர்சன் 1954இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு அதை அளித்தார். 1975இல் பல்கலைக்கழகம் விற்க முன்வந்தபோது, ஏரிக்கரை மாளிகையும் அதைச் சார்ந்தவையும் பாதுகாப்பு அமைப்பொன்றின் முயற்சியால் தப்பின. காவலர் வளாகமோ அரசு வனத்தோடு சேர்ந்து, மட்கிப்போக விடப்படும் நிலைக்கு வந்தது. செல்வர் தங்கிய பகுதியே வரலாறு, தச்சனும் கொல்லனும் வாழ்ந்த பகுதி வரலாறு அன்று என்ற எண்ணமே அப்பிரிவினையில் வெளிப்பட்டது. 1983இல் மாநில வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் ஒன்றை ஏற்று இதைத் திருத்தினர்: காவலர் வளாகம் நின்ற 10 ஏக்கரை, மாளிகையை வைத்திருந்த நிறுவனம் பெற, அதற்கு ஈடாக 200 ஏக்கர் காடு அரசுக்குச் சேர்ந்தது.

பட்டறைகளும் பணியாட்களின் வீடுகளும் மாளிகையோடு மீண்டும் ஒரே கையில் சேர்ந்த பிறகே, அந்த வீடு இயங்கிய முறை முழுமையாகக் கற்பிக்கத் தக்கதாயிற்று. கோடையில் அங்கே தங்க வருவோருக்கு, ஏரியைப் பார்த்த தாழ்வாரத்தோடு, அதைத் தாங்கும் கட்டைகளைச் செதுக்கிய பட்டறைகளும் சேர்த்தே காட்டப்படுகின்றன. மரத்தால் ஆன எந்த மலைவீட்டுக்கும் பாதுகாப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயல் அன்று. ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் அடிக்கட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும், அவருக்கு அங்கே வேலையும் இடமும் இருக்க வேண்டும். 10 ஏக்கருக்கு 200 ஏக்கர் கொடுத்து வாங்கப்பட்டது அந்த ஏற்பாடே.