திரையின் வேகமும் கம்பியின் வழியும்

ஓடும் படம் என்று நாம் கூறுவது உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. கண்ணும் மூளையும் கூடி அவற்றை ஓர் ஓட்டமாகக் கொள்கின்றன. ஒரு நொடியில் ஒரு திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்னும் எண்ணிக்கையே புதுப்பிப்பு வீதம் எனப்படும். அதனை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளின் விளம்பரங்களில் 144, 165, 240 எனப் பெரிய எழுத்தில் காணப்படும் எண் இதுவே.

குறைந்த வீதமுடைய திரையைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் கூடிய வீதமுடைய திரையைப் பொருத்திக்கொள்ள விழைவோர் பலர். அவருள் சிலர் வெற்றி பெறுகின்றனர். சிலர் கைப்பொருளை இழந்து நிற்கின்றனர். இவ்வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் திரையில் இல்லை. திரைக்குப் படத்தைக் கொண்டுவரும் வழியில் இருக்கிறது. இவ்வுண்மை புதியதன்று. நூறாண்டுக்கும் மேற்பட்ட திரையின் வரலாறு இதனையே திரும்பத் திரும்பச் சொல்லி வந்துள்ளது.

படச்சுருள் தந்த பாடம்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் லூமியே சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். அவர்களுடைய கருவி நொடிக்கு ஏறத்தாழ 16 படங்களை ஓட்டியது. அசைவைக் காட்ட அவ்வளவு போதும். ஆனால் கண் கூசாதிருக்க அது போதாது. படங்களுக்கு இடையே விழுந்த இருள், வெளிச்சத்தைச் சிமிட்டச் செய்தது. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சிமிட்டல் குறையும். ஆயின் படச்சுருளின் செலவும் உடன் கூடும். இவ்விக்கட்டைத் தீர்க்க அறிஞர்கள் ஓர் எளிய வழி கண்டனர். ஒளியை மறைக்கும் சுழல்மூடிக்கு மூன்று இதழ்கள் வைத்து, ஒவ்வொரு படத்தையும் மும்முறை காட்டினர். 16 படங்கள் 48 ஒளிவீச்சுகளாயின. 1927-இல் பேசும்படம் வெற்றி கண்டபின், ஒலியின் தெளிவு கருதி நொடிக்கு 24 படங்கள் என்பது நிலைத்தது. அவற்றை இருமுறை காட்டியபோதும் 48 ஒளிவீச்சுகளே கிடைத்தன.

படங்கள் எத்தனை உண்டாக்கப்படுகின்றன என்பது வேறு. அவை எத்தனை முறை காட்டப்படுகின்றன என்பது வேறு. இவ்விரு எண்களுக்கும் உள்ள வேறுபாடு பின்னரும் நமக்குப் பயன்படும்.

மின்சாரம் விதித்த எல்லை

1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பேயர்டு முறையும் மார்க்கோனி–ஈ.எம்.ஐ. முறையும் மாறி மாறிச் சோதிக்கப்பட்டன. முன்னது 240 வரிகளையும் நொடிக்கு 25 படங்களையும் கொண்டது. பின்னது 405 வரிகளைக் கொண்டது. ஒற்றை வரிகளை ஒருமுறையும் இரட்டை வரிகளை மறுமுறையும் வரைந்து, 25 படங்களை 50 அரைப்படங்களாகக் காட்டியது. வானலையில் புதிய இடம் கேளாமலே சிமிட்டலைக் குறைத்த இம்முறையே 1937-இல் நிலைபெற்றது.

50 என்னும் எண்ணும் தற்செயலாக வந்ததன்று. பிரிட்டனின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைந்தது. திரையும் அதே தாளத்தில் நின்றால், மின்சாரத்தின் குறுக்கீட்டால் விழும் பட்டைகள் படத்தின்மீது ஊர்ந்து செல்லா. அமெரிக்க மின்சாரம் 60 முறை அலைந்ததால் அந்நாட்டுத் தொலைக்காட்சி 60-ஐக் கைக்கொண்டது. 1963-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுடைய இந்நாடுகளின் திரைகளும் 50 என்னும் கணக்கிலேயே இயங்கின. நம் வீடுகளில் திரையின் வேகத்தை வகுத்தது கண் மட்டுமன்று. சுவரில் இருந்த மின்துளையும் ஆகும்.

கணினி வந்தபின் கண் மிக அருகில் அமர்ந்தது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் ஒருநிறத் திரை 50 ஹெர்ட்ஸிலேயே இயங்கியது. மெதுவாக மங்கும் பச்சை ஒளிர்பொருள் சிமிட்டலை மறைத்தது. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறை 60, 70 என உயர்ந்தது. 1989-இல் தோன்றிய வெசா என்னும் தரச் சங்கம் பின்னர் 72, 75, 85 என்னும் வீதங்களை வகுத்தது. நாள் முழுதும் திரைமுன் அமர்ந்து தட்டச்சு செய்த ஊழியரின் கண்வலிக்கு இவ்வெண்கள் ஆறுதல் அளித்தன.

நீர்மப் படிகத் திரையின் வரவு

மடிக்கணினிக்குக் கனமான படக்குழல் ஒவ்வாது. நீர்மப் படிகத் திரையே அதற்கு ஏற்றது. அத்திரையில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த ஆணை வரும்வரை தன் நிலையைப் பற்றி நிற்கும். ஆதலின் சிமிட்டல் இல்லை. சிமிட்டல் இல்லையெனின் வேகம் எதற்கு என்று எண்ணி, உலகம் மீண்டும் 60-க்கு இறங்கியது.

ஆனால் பழைய குறை நீங்கிய இடத்தில் புதிய குறை முளைத்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி அசையாது நிற்கிறது; ஓடும் உருவைத் தொடரும் கண்ணோ நிற்பதில்லை. அதனால் உருவின் விளிம்பு விழித்திரையில் இழுபட்டு மங்குகிறது. 2009-இல் முப்பரிமாணக் கண்ணாடியுடன் 120 ஹெர்ட்ஸ் மேசைத்திரைகள் வந்தன. ஒவ்வொரு கண்ணுக்கும் 60 வேண்டும் என்பதே அதன் நோக்கம். விளையாட்டாளர்களோ கண்ணாடியைக் கழற்றி வைத்த பின்னும் அசைவு தெளிவாய் இருப்பதைக் கண்டனர். முப்பரிமாண ஆர்வம் தணிந்தது, 120 நிலைத்தது. விளையாட்டு மடிக்கணினிகளிலும் 120, 144 என்பன பரவின. 2019-இல் 240-உம், 2021-இல் 360-உம் அவற்றில் எட்டப்பட்டன. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் நிற்கும் காலம் 6.9 மில்லிநொடியே.

உட்கம்பியின் கணக்கு

ஒரே மடிக்கணினி இருவகைத் திரையோடு விற்கப்படுவது வழக்கமாயிற்று. விலை குறைந்ததில் 60. விலை கூடியதில் 144. உடல் ஒன்றே, அளவும் ஒன்றே. ஆகவே பின்னாளில் திரையை மட்டும் வாங்கி மாற்றிவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பழைய திரையைக் கழற்றிப் பார்ப்பவர் காண்பது 30 முனைகளுடைய செருகி. வாங்கிய திரை வேண்டுவதோ 40 முனை.

இதன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். 1920-க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 24 பிட்டுகள் எனின், நொடிக்கு 60 முறை புதுப்பிக்க ஏறத்தாழ 300 கோடி பிட்டுகளும், 144 முறை புதுப்பிக்க ஏறத்தாழ 717 கோடி பிட்டுகளும் வேண்டும். 2008-இல் வெசா ஏற்றுக்கொண்ட உள்ளிணைப்பு முறையில், 30 முனைக் கம்பி பொதுவாக இரண்டு தடங்களையும், 40 முனைக் கம்பி நான்கு தடங்களையும் கொண்டது. ஒரு தடத்தின் வேகம் 270 கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே செலவாகிறது. எனவே இரு தடங்கள் சுமக்கக்கூடியது 432 கோடி. நான்கு தடங்கள் சுமக்கக்கூடியது 864 கோடி. 60 ஹெர்ட்ஸ் படம் இரு தடங்களில் செல்லும்; 144 ஹெர்ட்ஸ் படம் அவற்றில் அடங்காது. தடத்தின் வேகத்தையே இருமடங்காக்கும் பிற்கால முறையும் உண்டு. ஆயினும் முதலில் பரவிய 120, 144 ஹெர்ட்ஸ் திரைகள் பெரும்பாலும் நான்கு தடங்களையே எதிர்பார்த்தன.

ஆகவே திரையோடு, அதே வகை மடிக்கணினியின் விலை கூடிய வடிவத்துக்குரிய கம்பியும் வேண்டும். தாய்ப்பலகையில் நான்கு தடங்களும் அமைந்திருத்தல் வேண்டும். இல்லையெனில் கம்பி மாறியும் பயனில்லை. பின்னொளிக்குச் செல்லும் மின்னழுத்தம் திரையின் ஏனைய உறுப்புகளுக்குரியதினும் மிகுதி. தவறான கம்பியைச் செருகினால் திரை பாழாகும். மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்காமல் இவ்வேலையில் கை வைத்தலும் தகாது.

எல்லாம் பொருந்திய பின்னும், திரைப்படக் காலத்தில் கண்ட இரு எண்கள் மீண்டும் எதிர்வருகின்றன. வரைவியற் செயலி நொடிக்கு 50 படங்களே ஆக்க வல்லதாயின், 144 ஹெர்ட்ஸ் திரை அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டும். புதிய படங்கள் அதனால் பிறவா.

திறந்த வழியும் அடைத்த வழியும்

இங்கே எஞ்சி நிற்பது உரிமை பற்றிய வினா. எத்தடங்கள் உள்ளன, எக்கம்பி பொருந்தும் என்னும் செய்திகளைப் பல மடிக்கணினிகளோடு வரும் குறிப்பேடு சொல்வதில்லை. அறியாதவர் முழு மடிக்கணினியையும் ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குகிறார். நல்ல நிலையிலுள்ள பொருள் குப்பையாகிறது. வேறு வழியும் இயலும் என்பதற்குச் சான்று உண்டு. பாகங்களை உரிமையாளரே மாற்றத்தக்க மடிக்கணினியை 2021 முதல் விற்றுவரும் ஃபிரேம்வொர்க் நிறுவனம், 2024-இல் 120 ஹெர்ட்ஸ் திரையைத் தனியே விற்பனைக்கு வைத்தது. 60 ஹெர்ட்ஸ் திரையோடு முன்னரே வாங்கியவர்கள் அதனைத் தம் கையாலேயே பொருத்திக்கொள்ள முடிந்தது. அங்கே வழி திறந்திருந்தது. அது வாங்குவோர்க்கு அறிவிக்கவும் பட்டது.

படச்சுருளின் விலை, மின்சாரத்தின் தாளம், கம்பியின் தடங்கள் என ஒவ்வொரு காலத்திலும் திரையின் வேகத்துக்கு எல்லை வகுத்தவை திரைக்குப் பின்னே மறைந்திருந்தன. வெளியே தெரியும் எண்ணை மட்டும் கண்டு மயங்காமல், பின்னே செல்லும் வழியையும் ஆராய்ந்து அறிபவரே தம் பொருளுக்கு உண்மையில் உரியவர் ஆவர். மாணாக்கர் ஒருவர் தம் மடிக்கணினியின் திருகாணியைக் கழற்றுமுன் முனைகளை எண்ணிப் பார்ப்பாராயின், இவ்வரலாற்றை அவர் கற்றுவிட்டார் எனலாம்.