குறியும் இலக்கும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

ரவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு வினாவுடன் வந்தார். ‘சாசாரான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்ட பயிற்சியில் மாணவன் ஒருவன் ‘குறி’ என எழுதியிருந்தான். விடைக்குறிப்பிலோ ‘இலக்கு’ என்றிருந்தது. புள்ளி வழங்கலாமா? வழங்கத்தான் வேண்டும் என்றேன். அதற்கான காரணம் சற்று விரிவானது.

‘குறி’ திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் முதலெழுத்து ஒலிப்புடையதாகி, எய்வோன் நோக்கும் இடம் என்னும் பொருளில் இன்றும் வழங்குகிறது. தமிழில் அதன் பொருட்பரப்பு மிக விரிந்தது. தொல்காப்பியக் களவியலில் குறி என்பது தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடம்; இரவுக்குறி, பகற்குறி என அது இருவகைப்படும். வள்ளுவரின் ‘குறியெதிர்ப்பை’யில் அது அளவு, இவ்வளவு என்று குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவதை அச்சொல் உணர்த்தும். அவரே ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பைப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்திற்கும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரத்திற்கும் இட்டார். அரசன் முகத்தில் அமைச்சன் காண்பதற்கும் காதலி கண்ணில் காதலன் காண்பதற்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று. குறவஞ்சியின் குறத்தி சொல்வதும், தோட்டப்புறக் கோயில்களில் நம் மக்கள் கேட்பதும் குறியே. ஒன்றை ஏனையவற்றினின்று பிரித்து அடையாளப்படுத்தல் என்னும் ஒரே கருத்தின் கிளைகளே இவை யாவும். வில்லாளன் செய்வதும் அதுவன்றோ! வில் போய்த் துருக்கிய வேருடைய துப்பாக்கி வந்தது. மலாயிலும் டச்சுவழிச் ‘செனாப்பாங்’கும் போர்த்துக்கீசியவழிப் ‘பெலுரு’வும் புகுந்தன. குறிபார்த்தல் மட்டும் மாறவில்லை.

அவ்வாசிரியரின் தயக்கத்திற்கு உண்மைக் காரணம் வேறு. உடலுறுப்பைச் சுட்டும் வழக்கும் இச்சொல்லுக்கு உண்டாதலின், வகுப்பில் சிரிப்பெழும் என அஞ்சினார். அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் அதன்பொருட்டுக் ‘குறி’யை விலக்கினால், அப்பர் தேவாரத்திலேயே காணப்படும் ‘குறிக்கோள்’ முதலாக இன்றைய ‘குறியீடு’ வரை யாவும் மாணவர்க்கு வேரறியாச் சொற்களாகிவிடும்.

இனி ‘இலக்கு’. தனித்தமிழறிஞர் சிலர் இதனைத் தூய தமிழ்ச்சொல்லாகக் கொண்டு, இலக்கணம், இலக்கியம் ஆகியவற்றையும் இதனின்று பிறப்பிப்பர். அவர்தம் மொழிப்பற்று போற்றற்குரியது. சான்றுகளோ மறுபுறம் நிற்கின்றன. அடையாளம், எய்யும் இடம் எனப் பொருள்படும் ‘லக்ஷ’, ‘லக்ஷ்ய’ என்னும் வடசொற்கள் பிராகிருதத்தில் ‘லக்க’ என ஒலித்தன. லகரம் மொழிமுதல் வாராதாகலின் தமிழில் இகரம் முன்வந்தது. இலக்குமணனைக் கம்பர் ‘இலக்குவன்’ ஆக்கியதும் இந்நெறியிலேயே ஆகும். தொல்காப்பியமே ‘இலக்கணம்’ என்னும் சொல்லை ஆள்வதால், இக்குடும்பச் சொற்கள் மிகத் தொன்மையாகவே தமிழில் குடியேறியவை என்பது பெறப்படும். ‘இலட்சியம்’ என்பது அதே சொல் பின்னர் நேரடியாக வந்த வடிவம். ‘என் இலட்சியமும் இலக்கும்’ என எழுதும் மாணவன் ஒரே சொல்லையே இருமுறை எழுதுகிறான்!

மலாயிலும் இவ்வடசொற் குடும்பம் வாழ்கிறது. நமக்கு இலட்சம் 1,00,000. பழைய மலாயில் ‘லக்சா’ 10,000 மட்டுமே. அரசாங்க அறிவிப்புகளில் நாம் காணும் ‘மெலக்சானாக்கான்’ என்பதன் அடிச்சொல் வடமொழி ‘லக்ஷண’. மலாக்காவின் கடற்படைத் தலைவர்க்குரிய ‘லக்சமணா’ பட்டமும் இராமன் தம்பியின் பெயரே. உண்ணும் லக்சாவையும் சிலர் இவ்வரிசையில் சேர்ப்பர். மாவுணவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே அதற்குப் பொருத்தமான மூலமாகத் தோன்றுகிறது.

அந்த விடைக்குறிப்பில் இப்போது இரு சொற்களும் இடம்பெற்றுள்ளன.