இருபத்தைந்து குளிர் விளக்குகள்

2016-ஆம் ஆண்டில், பிரிட்டனில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சுமார் பத்து இலட்சம் சிறிய மின்சுற்று அட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன. பி.பி.சி. பல நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கிய அந்த அட்டையின் பெயர் மைக்ரோபிட். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. முகப்பில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகளில் 25 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். அவற்றில் இதய உருவம் வேண்டுமானால், பைத்தான் மொழி நிரலில் 09090:99999:99999:09990:00900 என்று குறிப்பிட வேண்டும். 0 என்றால் இருள். 9 என்றால் முழு ஒளி. இந்த ஐந்து எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், உருவம் புலப்படும்.

படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் ஒளி வரும் என்பதை 1907-இல் குறிப்பிட்டவர், மார்க்கோனியிடம் பணியாற்றிய எச். ஜே. ரவுண்ட். கார்போரண்டம் படிகம் ஒன்று 10 வோல்ட்டில் மஞ்சளாக ஒளிர்ந்தது. அவர் ஒரு சிறு குறிப்பு எழுதியதோடு சரி.

அந்த ஒளியை விடாமல் ஆராய்ந்தவர் ரஷ்யாவின் ஓலெக் லோசெவ். 1920-களில் அவர் வானொலி ஆய்வுக்கூடம் ஒன்றில் பட்டம் பெறாத ஓர் உதவியாளர். சூடேறிய இழை போலத்தான் படிகமும் ஒளிர்கிறதா என்று ஐயுற்ற அவர், ஒளிரும் இடத்தில் பென்சைன் என்னும் பெட்ரோலிய நீர்மத்தின் துளியை இட்டார். அது மெல்லவே ஆவியாயிற்று. அப்படியானால் இது வெப்பத்தால் வரும் ஒளியன்று! எவ்வளவு எளிய சோதனை, பாருங்கள். இது ஒளிமின் விளைவின் தலைகீழ் வடிவம் என்று ஐன்ஸ்டீனின் கொள்கையைக் கொண்டு அவர் விளக்கினார். ஆறவேண்டிய இழை இல்லாததால் இவ்விளக்கை மிக விரைவாக ஏற்றி அணைக்கலாம் என்று கண்டு, செய்தி அனுப்பும் கருவியாக அதற்கு 1927-இல் காப்புரிமையும் கோரினார். 1942 ஜனவரியில், ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடில், பட்டினியால் இறந்தார். வயது 38.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் செய்துகாட்டியது 1962-இல்.

லோசெவ் கண்ட அந்த விரைவே மைக்ரோபிட்டின் உயிர். விளக்குக்கு ஒரு கம்பி என்றால் 25 வேண்டும்; முதல் மைக்ரோபிட்டில் இருந்தவை 12-தான். விளக்குகளை மூன்று கூட்டங்களாக்கி, ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தையே ஏற்றினார்கள். ஆம், இதயம் முழுதாக ஒருபோதும் ஒளிர்வதில்லை! கூட்டங்கள் மாறும் வேகத்தில் நம் கண் ஏமாறுகிறது. இருட்டறையில் அட்டையை வேகமாக ஆட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 5 என்ற மங்கல் ஒளியும் அவ்வாறே: விளக்கு எரியும் நேரம் குறைவு, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்.இ.டி.யை எதிர்த்திசையில் இணைத்தால் அது ஒளியை உணரும். மைக்ரோபிட் இடையிடையே தன் விளக்குகளை இப்படித் திருப்பி, சுற்றியுள்ள வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளவிடுகிறது. அந்த அளவைக் காட்டும்படி நிரல் எழுதிவிட்டு, விளக்குகளை உள்ளங்கையால் மூடுங்கள், எண் இறங்கும்.