சமயமும் சமூக மாற்றமும்: சென்னையும் கமுதியும் காட்டும் இரு வழிகள்

தாயகம் விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பெரியோர் பலருக்கும் ஓர் ஐயம் உண்டு. அலுவலக வாழ்வும் நகரப் பரபரப்பும் நம் சமய ஒழுக்கத்தைக் கரைத்துவிடுமோ என்பதே அது. சமூகவியல் அறிஞர்களும் இதனோடு ஒத்த வினாவொன்றை நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர், மேலைநாட்டு முதலாளியத்தின் எழுச்சிக்குப் புராட்டஸ்டண்டு சமய ஒழுக்கம் துணைநின்றது என்று 1904, 1905-ஆம் ஆண்டுகளில் எழுதினார். பின்னர் 1916, 1917-இல் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றியும் ஆராய்ந்தார். சாதிக் கட்டுப்பாடும் வினைக் கோட்பாடும் மரபைக் கட்டிக் காப்பன. அவற்றினின்று நவீனத் தொழில்முறை தானாகத் தோன்றுதல் அரிது என்பது அவர் முடிபு. அவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். நூல்களின் வழியாகவே நம்மை அறிந்தார்.

அம்முடிபை நேரில் ஆய்ந்து பார்க்கும் வாய்ப்புச் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்டன் சிங்கருக்குக் கிட்டியது. 1954 முதல் 1964 வரை மும்முறை இந்தியா வந்த அவர், சென்னை நகரைத் தம் ஆய்வுக் களமாகக் கொண்டார். சென்னைப் பல்கலைக்கழக வடமொழிப் பேராசிரியர் வே. இராகவன் அவருக்கு உறுதுணையாயிருந்தார். 1964-இல் தொழிலதிபர் 19 பேரைக் கண்டு உரையாடிய சிங்கர், அவர்கள் வீட்டையும் தொழிற்சாலையையும் இரு வேறு உலகங்களாகப் பிரித்துக்கொண்டதைக் கண்டார். தொழிற்சாலையில் ஆங்கிலமும் மேலைநாட்டு உடையும். வீட்டில் தாய்மொழியும் வேட்டியும் பூசையும். நாள்வழிபாட்டின் நேரம் சுருங்கிற்று. தாம் செய்ய இயலாதவற்றை மனைவியரும் புரோகிதரும் செய்ய, இவர்கள் பொருளுதவி புரிந்தனர். கடமையைப் பற்றற்றுச் செய்தல் என்னும் கீதைக் கருத்தைத் தம் தொழிலுக்கே பொருத்திக்கொண்டனர். இங்ஙனம் சமயம் தொழிலுக்குத் தடையாகாமல் தானும் மாறி வாழ்ந்தது. இக்கட்டுரைகள் அடங்கிய அவர் பெருநூல் 1972-இல் வெளிவந்தது.

சென்னையின் இராதா கிருஷ்ண பஜனைகளையும் சிங்கர் கூர்ந்து நோக்கினார். போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரையும் குருமாராகப் போற்றும் மரபு அது. நெடிய சடங்குகளுக்கு நேரமில்லா நகரத்தார்க்குப் பஜனை எளிய நெறியாயிற்று. கூடியவர்கள் வயது வேற்றுமை பாராது ஒருவரையொருவர் வணங்கித் தழுவிக்கொண்டனர். ஆயினும் கலந்துகொண்டோரில் மிகப் பெரும்பாலோர் பிராமணர் என்பதையும் அவர் குறித்துள்ளார். பஜனைக் கூடத்தில் மலர்ந்த சமத்துவம் தெருவிற்கு இறங்கிச் சாதி வேற்றுமையைக் குறைத்ததா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வினாவிற்கு விடை காண நாம் கமுதிக்குச் செல்லுதல் வேண்டும். அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் வரலாற்றாய்வு அவ்வழியைக் காட்டுகின்றது. 1897-இல் நாடார் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் புகுந்து வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் நாடாருக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. இடையில் 1899-இல் சிவகாசிக் கலவரமும் மூண்டது. வழக்கில் தோற்றவர்கள் வாழ்வில் தோற்றாரல்லர். வணிகத்தில் சிறிது சிறிதாக எடுத்துவைத்த மகமைப் பணத்தால் கோயில்களையும் பள்ளிகளையும் தாமே நிறுவினர். அங்ஙனம் எழுந்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையில் பயின்றவரே காமராசர். மூடிய கதவு ஒன்று ஒரு சமூகத்தையே ஒன்றுபடுத்திற்று.

1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. எனினும் சட்டம் திறந்த கதவைச் சமூகம் சாத்த முயலும் ஊர்கள் இன்றும் உள.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கின் ஓருண்மை புலனாகும். சமயம் இருவகையில் மாறுகின்றது. உள்ளேயிருப்போர் தம் வசதிக்கேற்ப நேரத்தையும் சடங்கையும் சுருக்கிக்கொள்ளுதல் ஒன்று. வெளியே நிறுத்தப்பட்டோர் உரிமை கேட்டு உள்ளே வருதல் மற்றொன்று. முன்னது சமயத்தை வாழவைக்கின்றது. பின்னதே சமூகத்தை மாற்றுகின்றது.

வடபுலத் தமிழராகிய நாம் முதல் வகையில் தேர்ந்தவர்கள். அலுவலக நேரத்திற்கேற்ப வழிபாட்டை அமைத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் பஜனை நடத்துகின்றோம். தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலை முருகன் கோயில் எழுந்து, 1973-இல் குடமுழுக்கும் கண்டது. ஆதலின் சமயம் கரைந்துவிடுமோ என்னும் அச்சம் பெரிதும் தேவையற்றது. நாம் கேட்கவேண்டிய வினா வேறு. நம் பஜனைக் கூடத்தில் வந்தமர்வோர் யார்? நம் தெருவிலேயே வாழ்ந்தும் இதுவரை அழைக்கப்படாத தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து பெறப்போவது வழிபாட்டு முறையை மட்டுமன்று. யாரை உடன் அமர்த்திக்கொண்டு வழிபட்டோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.