கட்டாயம் இல்லாத கடமை

"என்.எஸ்.எஸ். கேம்ப்" என்றாலே நம்மில் பலருக்கு மண்வெட்டியும் சாம்பார் வாளியும்தான் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன்னே ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 1959-இல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு, கல்லூரியில் சேருமுன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாம் என்றது. வெளிநாடுகளில் ஆராய்ந்து வந்த கே.ஜி. சையிதைன், விருப்பமுள்ளவர்கள் சேரட்டும் என்றார். அந்தக் கருத்தே நிலைத்தது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு சிறப்பு முகாம்.

தம்பி தங்கைகளே, யாரும் உங்களைக் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். சொல்லாமலே முதல் மண்வெட்டியைத் தூக்குகிறவர்தான் அங்கே லீடர்!